நான் உள்ள வந்தா சிரிப்புச் சத்தம் நின்னுடுது

வணக்கம் மேடம்,

எனக்கு வயசு 48. விருதுநகர் பக்கம் ஒரு ஸ்கூல்ல பிளஸ் டூவுக்கு மேத்ஸ் எடுக்குறேன், 22 வருஷ சர்வீஸ். குடி கிடையாது, கடன் கிடையாது, ஊர்ல மரியாதை இருக்கு. இந்த மாதிரி லெட்டர் எழுதுற ஆளு நான் இல்ல, ஆனா போன வாரம் நடந்த ஒண்ணு மனச விட்டுப் போக மாட்டேங்குது.

ராத்திரி எட்டு மணி இருக்கும், டியூஷன் முடிச்சு வீட்டுக்கு வர்றேன். வாசல்ல செருப்பக் கழட்டும்போதே உள்ள என் பொண்ணும் அவ அம்மாவும் சிரிக்கிற சத்தம். என் பொண்ணுக்கு சின்னதுல இருந்தே ரொம்ப சிரிச்சா விக்கல் வந்துடும், அன்னைக்கும் விக்கலோடதான் சிரிச்சிட்டு இருந்தா. நான் கதவத் தள்ளுனேன், சத்தம் டக்குனு நின்னுடுச்சு. அவ போன கவுத்தி வச்சுட்டு புக்க எடுத்தா, வீட்டுக்காரம்மா அடுப்படிக்குப் போயிட்டா. விக்கல் மட்டும் நிக்கல. வாயக் கையால பொத்திக்கிட்டு, ஒவ்வொரு விக்கலுக்கும் தோள் குலுங்க புக்கப் பாத்துட்டே உக்காந்திருந்தா. நான் ஒண்ணுமே கேக்கல. சாப்பிட்டுப் படுத்துட்டேன், தூக்கம் வரல.

இதுக்கு முன்னாடி ஒரு கதை இருக்கு. எட்டு மாசத்துக்கு முன்னாடி எங்க அக்கா மக கல்யாணம். தாய்மாமன் சீர், 21 தட்டு, மேளம் முன்னாடி போகுது, முதல் தட்டு என் கையில. காலைலயே வீட்டுக்காரம்மா சொன்னா, பட்டு வேட்டி வழுக்கும் பெல்ட் போட்டுக்கோங்கனு, நான் கேக்கல. மண்டபத்துப் படி ஏறும்போது இடுப்புல நெகிழ்றது தெரிஞ்சுது, ரெண்டு கையிலயும் தாம்பாளம், முழங்கையால இடுக்கிப் பாத்தேன் நிக்கல, நாலாவது படில மொத்தமா அவுந்து கால்ல விழுந்துடுச்சு. சீர் தட்டக் கீழ வைக்கக் கூடாது இல்லையா, அதனால டிராயரோட அப்படியே நின்னேன். பின்னாடி வந்த மச்சினன் ஓடி வந்து கட்டி விட்டார். அரை நிமிஷம்தான் இருக்கும். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க சிரிச்சாங்க, அது கூட போகட்டும், மேல படில ஆரத்தித் தட்டோட நின்ன எங்க அக்கா முந்தானைய வாயில வச்சுக்கிட்டு சிரிச்சா. அதப் பாத்துட்டேன்.

சீரக் கொடுத்துட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன், கை நனைக்கல. யாரோ வீடியோ எடுத்து சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டு, அதுல ஒரு ஸ்டிக்கரும் பண்ணிட்டாங்க. குரூப்ல இருந்து வெளிய வந்துட்டேன். அக்கா முதல் வாரம் முழுக்க போன் பண்ணா, எடுக்கல. அவளுக்குக் கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து ஒரு வருஷம் தப்பாத பொங்கல்படி இந்த வருஷம் நின்னு போச்சு.

நான் ஏன் இப்படினு எனக்கே தெரியும். ஆறாங்கிளாஸ் படிக்கும்போது பிரேயர்ல குறள் சொல்ல விட்டாங்க. எனக்கு அப்ப ழகரம் வராது. ஒரு வாத்தியார் மொத்த ஸ்கூல் முன்னாடி என்ன நிக்க வச்சு "வாழைப்பழம் சொல்லுடா"னு பத்துத் தடவ சொல்ல வச்சார், ஒவ்வொரு தடவையும் நான் சொன்ன மாதிரியே அவரும் சொல்லிக் காட்டுனார். பத்தாவது முடிக்கிற வரைக்கும் எனக்குப் பேரு வாயப்பயம். இனி ஒருத்தனும் என்னப் பாத்து சிரிக்கிற மாதிரி நடந்துக்கக் கூடாதுனு அன்னைக்கு நினைச்சவன்தான். நான் வாத்தியாரானதுல இருந்து ஒரு பையனக் கூட நாலு பேர் முன்னாடி கேலி பண்ணதில்ல, அதே நேரம் என் கிளாஸ்ல யாரும் சிரிக்கவும் விட்டதில்ல.

எல்லாரும் எனக்கு சொல்றது ஒண்ணுதான், கொஞ்சம் சிரிக்கப் பழகுங்க சார், எல்லாத்தையும் சீரியஸா எடுத்துக்காதீங்கனு. எப்படினு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. சிரிச்சா மரியாதை போயிடாதா மேடம்? பசங்க மதிப்பாங்களா? அந்த விக்கல் சத்தம் மட்டும் காதுல கேட்டுட்டே இருக்கு.

இப்படிக்கு,
ஒரு ஆசிரியர்

---

வணக்கம் சார்,

உங்க லெட்டர்ல நான் மறுபடி மறுபடி போய் நின்ன இடம் அந்த நாலாவது படி. வேட்டி அவுந்து விழுந்துச்சு, ஊரே பாத்துச்சு, ஆனா தட்டு விழல. அத எழுதும்போது நீங்க அவமானமா எழுதியிருக்கீங்க, நான் படிச்சது வேற. மானம் போகுதுனு தெரிஞ்ச அந்த நொடில கூட, அக்கா மகளுக்குக் கொண்டு போற சீரத் தரைல வைக்கக் கூடாதுனு நின்ன ஒரு தாய்மாமனத்தான் நான் பாத்தேன். படிக்கு மேல நின்ன உங்க அக்காவும் அதத்தான் பாத்திருப்பாங்கனு எனக்குத் தோணுது.

முதல்ல அந்த வாத்தியார். அவர் செஞ்சது தப்பு, அத சின்ன விஷயம்னு நான் சொல்லவே மாட்டேன். பதினோரு வயசுப் பையன் மேல மொத்த ஸ்கூலையும் சிரிக்க விட்டது கொடுமைதான். பிரச்சினை என்னன்னா அன்னைக்கு உங்க மனசு ஒரு பாடம் எழுதிக்கிச்சு, சிரிப்புன்னா அது என்ன மட்டம் தட்டுறதுதான்னு. அதுக்கப்புறம் உங்க காதுல விழுந்த எல்லா சிரிப்பும் அந்த பிரேயர் மைதானத்து சிரிப்பாவே கேட்டிருக்கு, அக்கா சிரிச்சதும் சரி, பொண்ணு சிரிச்சதும் சரி.

உங்க ஸ்கூல் தமிழ் ஐயாகிட்ட கேட்டுப் பாருங்க. தொல்காப்பியத்துல மெய்ப்பாடு, அதாவது உடம்புல வெளிய தெரியுற உணர்ச்சி, எட்டுனு சொல்லும்போது நகைங்கிற சிரிப்பத்தான் முதல்ல வச்சிருக்கு, அழுகை கூட அதுக்கு அப்புறம்தான். அந்த நகை பிறக்குற இடம் நாலு, எள்ளல், இளமை, பேதைமை, மடன். இளக்காரம் பண்ணி சிரிக்கிறது அந்த நாலுல ஒண்ணு. மத்ததெல்லாம் குழந்தைத்தனத்தப் பாத்து, தெரியாம செஞ்சதப் பாத்து, வெள்ளந்தியா நம்புறதப் பாத்து வர்ற சிரிப்பு. அந்த எள்ளலுக்கே, பேராசிரியர்னு பேர் கொண்ட பழைய உரைகாரர் தன் உரைல ரெண்டு பக்கம் சொல்றார், நாம அடுத்தவங்கள எள்ளி சிரிக்கிறது ஒண்ணு, அடுத்தவங்க நம்மள எள்ளும்போது நாமளே சிரிக்கிறது இன்னொண்ணு. நீங்க இத்தன வருஷம் எல்லா சிரிப்பையும் ஒரே கணக்குல போட்டு வச்சிருக்கீங்க சார்.

அக்கா ஏன் சிரிச்சாங்க? ராபர்ட் புரோவைன்னு அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சியாளர், மக்கள் கூடுற இடத்துல எல்லாம் போய், இயல்பா பேசிட்டு இருக்கும்போது வர்ற சிரிப்ப 1,200 தடவ குறிச்சு வச்சுப் பாத்தார். அதுல ஜோக்குனு சொல்ற மாதிரி ஒண்ணக் கேட்டு சிரிச்சது நூத்துக்கு இருபது கூட தாண்டல. மிச்சமெல்லாம் சாதாரணப் பேச்சுக்கு நடுவுல வந்த சிரிப்பு. தனியா இருக்கும்போத விட கூட ஆள் இருக்கும்போது முப்பது மடங்கு சிரிக்கிறோம்னும் சொன்னார். அதாவது பெரும்பாலும் சிரிப்பு உறவோட சத்தம், தீர்ப்பு சொல்ற சத்தம் இல்ல. கல்யாண வீட்டுல பொண்ணோட அம்மா எப்படி இருப்பாங்கனு உங்களுக்குத் தெரியாதா, நாலு நாளா தூக்கம் இருக்காது, சாப்பாடு பத்துமா மாப்பிள்ளை வீட்டுல குறை சொல்லுவாங்களானு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருக்கும். அந்த நேரத்துல சின்ன வயசுல இருந்து பாத்த தம்பி டிராயரோட தட்டப் புடிச்சுட்டு நிக்கிறான். அந்த சிரிப்புல பயம் இருந்திருக்கும், பாசம் இருந்திருக்கும். அத மறைக்கத்தான் முந்தானைய வாயில வச்சாங்க. கேலி பண்றவங்க வாய மறைக்க மாட்டாங்க சார், அந்த வாத்தியார் மறைச்சாரா?

அடுத்தது மரியாதை. மத்தவங்க நம்மளயே பாக்குறாங்கனு நமக்குள்ள ஒரு நினைப்பு இருக்கும். 2000ல கார்னெல் யுனிவர்சிட்டில தாமஸ் கிலோவிச்சும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு சோதனை பத்தி எழுதுனாங்க. பசங்களுக்குக் கூச்சம் வர்ற மாதிரி ஒரு பாடகர் படம் போட்ட டீஷர்ட்டப் போட்டு, மத்தவங்க உக்காந்திருந்த ரூமுக்குள்ள அனுப்புனாங்க. பாதிப் பேர் கவனிச்சிருப்பாங்கனு போட்டவன் நினைச்சான், நிஜமா கவனிச்சது கால்வாசிப் பேர்தான். உங்க விஷயத்துல எல்லாரும் பாத்தாங்க, அத நான் மறுக்கல. ஆனா பாத்தவங்க அடுத்த பந்திக்கு எந்திரிச்சுப் போயிட்டாங்க. எட்டு மாசமா அந்தப் படிலயே நிக்கிறது நீங்க மட்டும்தான்.

பசங்க மதிப்பாங்களானு கேட்டீங்க. 1966ல எலியட் ஆரன்சன்னு ஒரு உளவியலாளர் வினாடி வினா மாதிரி ஒரு ஆடியோ டேப் போட்டுக் கேக்க வச்சார். கிட்டத்தட்ட எல்லாக் கேள்விக்கும் சரியா பதில் சொன்ன கெட்டிக்காரர் கடைசில காபியத் தன் மேலயே கொட்டிக்கிட்டார்னு கேட்டப்போ, அவர மக்களுக்கு இன்னும் அதிகமா பிடிச்சுது. சுமாரா பதில் சொன்னவர் கொட்டினப்போ பிடிக்கிறது குறைஞ்சுது. விஷயம் தெரிஞ்சவன் தடுமாறுனா மதிப்பு குறையல, நெருக்கம் கூடுது. 22 வருஷமா மேத்ஸ் எடுக்குற உங்களுக்கு அந்தத் தகுதி எப்பவோ வந்துடுச்சு. போர்டுல ஒரு மைனஸ விட்டுட்டு பையன் எடுத்து சொன்னா, "ஆமாப்பா விட்டுட்டேன், நல்லா பாத்த"னு சிரிச்ச முகத்தோட ஒரு தடவ சொல்லிப் பாருங்களேன். கிளாஸ் கை மீறிப் போகாது.

உடம்புக்கும் இதுல நல்லது இருக்கு. நாலு பேரோட சேந்து வயிறு குலுங்க சிரிச்சா வலி தாங்குற சக்தி கூடுதுனு ஆக்ஸ்ஃபோர்டுல ராபின் டன்பர் குழு சோதிச்சுப் பாத்திருக்காங்க. மும்பைல 1995ல டாக்டர் மதன் கட்டாரியா ஒரு பார்க்குல அஞ்சு பேரோட சிரிப்பு கிளப் ஆரம்பிச்சார். முதல்ல ஜோக் சொல்லித்தான் சிரிச்சாங்க, கொஞ்ச நாள்ல நல்ல ஜோக் தீந்து போய் அடுத்தவங்க மனசு நோகுற ஜோக் வர ஆரம்பிச்சதும் ஜோக்கையே விட்டுட்டு சும்மா சிரிக்கவே பழகுனாங்க. இந்தக் கதைல எனக்குப் பிடிச்சது அதுதான், ஆள நோகடிக்கிற சிரிப்ப அவங்களே வேணாம்னு தள்ளுனாங்க. ஆனா உங்கள நான் பார்க்குக்கு அனுப்பப் போறதில்ல, உங்களுக்கு வேண்டியது வீட்டுக்குள்ள இருக்கு.

வெட்கத்துக்கு ரொம்ப பயப்படுறவங்களுக்கு நியூயார்க்ல ஆல்பர்ட் எல்லிஸ்னு ஒரு உளவியலாளர் வீட்டுப்பாடம் கொடுப்பார். அதுல ஒண்ணு, ஒரு வாழைப்பழத்துல கயிறு கட்டி நாய்க்குட்டிய கூட்டிட்டுப் போற மாதிரி தெருவுல இழுத்துட்டு நடக்கணும். நடந்து பாத்தா, நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க, அவ்வளவுதான், நாம செத்துப் போக மாட்டோம்னு உடம்புக்கே தெரிஞ்சுடும். வாழைப்பழம்னு எழுதும்போது உங்களுக்கு வலிக்குமேனு யோசிச்சேன், அப்புறம் தெரிஞ்சேதான் எழுதுறேன், ஏன்னா அந்த வார்த்தைய நீங்க 37 வருஷமா தனியா சுமந்திருக்கீங்க. தெருவுல எல்லாம் இழுக்க வேணாம். உங்க பொண்ணக் கூப்பிட்டு உக்கார வச்சு அந்த ஆறாங்கிளாஸ் கதைய சொல்லுங்க. சிரிக்க வைக்கணும்னு சொல்லாதீங்க, நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க. அப்பா ஏன் இப்படினு அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவ அழுதாலும் அழட்டும், நடுவுல ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தா அதையும் தடுக்காதீங்க. அப்புறம் ஒரு நாள் "அந்த ஸ்டிக்கர் உன் போன்ல இருக்கா, காட்டு"னு நீங்களே கேளுங்க. கேக்க மனசு வராட்டி அடுத்த மாசம் கேளுங்க, அவசரமே இல்ல.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லணும். தன்னப் பாத்து சிரிக்கிறதுன்னா தன்னையே தாழ்த்திப் பேசுறதுன்னு எடுத்துக்காதீங்க. 2003ல ராட் மார்ட்டின்னு கனடாவுல ஒரு ஆராய்ச்சியாளர் நகைச்சுவைய நாலு வகையா பிரிச்சார். அதுல அடுத்தவங்க சிரிக்கணும்னு தன்ன மட்டமாக்கிக்கிற வகை மனசோர்வோட சேந்து வர்றதா அவர் கண்டார், கஷ்டத்துலயும் வேடிக்கையப் பாத்து மனசத் தேத்திக்கிறது நல்ல மனநிலையோட சேந்து வந்துச்சு. அதனால "நான் ஒரு முட்டாள்"னு சொல்லி சிரிக்க வேணாம், "அன்னைக்கு இப்படி ஆகிடுச்சு பாரேன்"னு சொல்லி சிரிங்க. வீட்டுல பேசுனதுக்கு அப்புறமும் ரெண்டு மூணு வாரம் தூக்கம் வராம, எதுலயும் பிடிப்பு இல்லாம போச்சுன்னா, 14416னு டெலி மானஸ் நம்பர் இருக்கு, அரசாங்கத்தோட இலவச சேவைதான், தமிழ்லயே பேசலாம், யோசிக்காம கூப்பிடுங்க.

கடைசியா அக்கா. போன்ல ஆரம்பிக்காதீங்க, போன்ல விளக்கம் சொல்லப் போய் மறுபடி வாக்குவாதம் ஆகும். அந்த நின்னு போன பொங்கல்படிய எடுத்துக்கோங்க, அரிசி, வெல்லம், தேங்காய்னு எப்பவும் என்ன கொடுப்பீங்களோ அதே. பொங்கல் முடிஞ்சுடுச்சேனு பாக்காதீங்க, எந்த அக்காவும் தேதி பாத்து வாங்குறதில்ல. ஞாயித்துக்கிழமை மத்தியான நேரமாப் பாத்து பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க, பட்டு வேட்டிதான் கட்டணும்னு இல்ல, கட்டுனா பெல்ட்டோட கட்டுங்க. வாசல்ல உங்களப் பாத்ததும் அக்கா அழுவாங்களா சிரிப்பாங்களானு என்னால சொல்ல முடியாது, ரெண்டும் சேந்தே வரும்னு நினைக்கிறேன். விளக்கம் எதுவும் சொல்ல வேணாம். அன்னைக்குக் கல்யாணச் சாப்பாடு சாப்பிடாம போயிட்டேன்க்கா, இலையப் போடுன்னு சொல்லுங்க.