காட்மியம்-111: ஜி மதிப்பு இருமடங்காக வருவது ஏன்?

2 டெஸ்லா காந்தப்புலத்தில் எடுத்த ஆர்(டி) வளைவிலிருந்து (அடுத்தடுத்து வரும் இரு காமாக்களின் கோணத் தொடர்பு நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வளைவு) ஜி (அணுக்கருவின் காந்தத்தன்மையைக் குறிக்கும் எண்) 0.61 வருகிறது என்கிறீர்கள். அதைப் பாதியாக்குங்கள். காமா உணரிகளின் தளத்துக்குச் செங்குத்தாகப் புலம் இருந்தால் வளைவு லார்மர் அதிர்வெண்ணின் (புலத்தில் அணுக்கருவின் அச்சு சுற்றிவரும் அதிர்வெண்) இருமடங்கில் அலையும். அதையே லார்மர் என்று எடுத்திருப்பீர்கள். காட்மியம்-111 அணுக்கருவின் 245 கேஇவி (ஆற்றல் அலகு) கிளர்நிலைக்கு ஜி மதிப்பு −0.306.

சரிபார்க்க: ஒரு முழு அலை சுமார் 107 நானோநொடி வரவேண்டும். வராவிட்டால் ஹால் புரோபை (காந்தப்புலமானி) கதிர்மூலம் இருக்கும் இடத்திலேயே வைத்துப் புலத்தை அளந்து பாருங்கள். 135 பாகையில் உணரிகளை வைத்துப் புலத்தைத் திருப்பினால் ஜி-யின் குறியும் (கூட்டலா, கழித்தலா) தெரியும்.

காட்மியம்-111 ஆகச் சிதையும் கதிர்மூலமான இண்டியம்-111 நீர்த்த அமிலக் கரைசலாகவே இருக்கட்டும். குப்பியின் அடியில் காய்ந்து படலமாகிவிட்டால் நான்முனை இடைவினை (சுற்றியுள்ள அணுக்களின் மின்புலச் சரிவு அணுக்கருவைப் பாதிப்பது) புகுந்து அலை சீக்கிரம் மங்கிவிடும், பொருத்துவதே பாடாகும்.

வேலூர் மே வெயிலில் ஏசி நின்றால் சோடியம் அயோடைடு உணரியின் கெயின் (சமிக்ஞைப் பெருக்கம்) நகர்ந்து, 171, 245 கேஇவி காமாக்களுக்கு வைத்த ஆற்றல் ஜன்னல்கள் உச்சியை விட்டு விலகும். அதில் வீச்சுதான் குறையும், அதிர்வெண் மாறாது.