அப்புச்சியின் மாத்திரையும் ஐந்து வருட ஆராய்ச்சியும்

கேள்வி: அக்கா, கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன், கடைசி வருடம். என் அப்புச்சிக்குப் பல வருடமாகப் பார்க்கின்சன் நோய். லெவோடோபா மாத்திரையில்தான் நடமாடுகிறார். இந்த மாதிரி நரம்புச் சிதைவு நோய்களுக்கு மருந்து தேடும் கரிம வேதியியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. வீட்டில் "பி.எட். முடி, ஸ்கூல் வேலை கிடைக்கும்" என்கிறார்கள். உதவித்தொகையை நம்பிப் போகலாமா?
– ஒரு மாணவி

பதில்: போகலாம் அம்மணி. அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் கொடுக்கச் சொல்லியிருப்பார்களே, ஏன் என்று யோசித்தாயா? இந்த நோயில் மூளைக்கு வேண்டியது டோபமைன், நரம்புகளுக்கு நடுவே செய்தி கடத்தும் பொருள். ஆனால் இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு அதை உள்ளே விடாது. லெவோடோபா அமினோ அமிலம் என்பதால், அமினோ அமிலங்கள் போகும் வழியில் உள்ளே போய் அங்கே டோபமைனாக மாறுகிறது. பருப்பும் முட்டையும் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால், அவற்றின் அமினோ அமிலங்களும் அதே வழியில் முண்டியடிக்கும். நீ செய்யப்போகும் வேலையின் பாதி இதுதான்: அந்தத் தடுப்பைத் தாண்டும் மூலக்கூறைக் கட்டுவது. பொதுவாக மூலக்கூறு எடை 450க்குள் இருந்தால் நல்லது. ஹைட்ரஜன் பிணைப்புகளும் குறைவாக இருக்க வேண்டும்.

நம் பக்கம் வேலியில் படர்கிற பூனைக்காலியின் விதையில் இதே லெவோடோபா இருக்கிறது. (அதற்காக அப்புச்சிக்கு அரைத்துக் கொடுத்துவிடாதே, அளவு தப்பும்.) ஆய்வுக்கூடத்தில் சாதாரணமாகச் செய்தால் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்கும் இடக்கை, வலக்கை வடிவம் இரண்டும் கலந்து வரும், உடம்புக்கு உதவுவது இடக்கை வடிவம் மட்டுமே. அதைத் தனியாகச் செய்ய வழி கண்ட வில்லியம் நோல்ஸுக்கு 2001இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இருந்தும் அந்த மருந்து நரம்பு செல்கள் சாவதை நிறுத்துவதில்லை. நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. அதனால் உன் ஆசை நியாயமானது. ஆனால் ஐந்து வருடத்தில் மருந்து வந்துவிடும் என்று அப்புச்சியிடம் சொல்லாதே.

பணம் பற்றி வீட்டில் இதைச் சொல். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படியும் உண்டு. இது உன் பேரில் வருவது. பேராசிரியரின் புராஜெக்டில் சேர்ந்தால் புராஜெக்ட் முடியும்போது பணமும் நிற்கும். அதனால் தேர்வை விடாதே. பணம் சில சமயம் தாமதமாகும்; எனக்கு ஒருமுறை ஏழு மாதம் வரவில்லை, மெஸ் பாக்கிக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. மூன்று மாதச் செலவுக்காவது கையில் வைத்துக்கொண்டு சேர். கஞ்சிக்கோட்டில் ஐ.ஐ.டி. இருக்கிறது, திருவனந்தபுரம் பக்கம் விதுராவில் ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனம் இருக்கிறது. மாநிலத்தைவிட்டுப் போகவும் வேண்டாம்.

சேருமுன் கைடிடம் (ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரிடம்) ஒன்றைக் கட்டாயம் கேள்: "நான் செய்யும் சேர்மங்களை உயிருள்ள செல்களில் சோதிப்பது யார்?" நான் கேட்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு கலவையில் என்னென்ன இருக்கிறது என்று புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டை யூ.வி. விளக்கடியில் பிடித்து, பழைய ஸ்பாட் மறைந்து மேலே புதிதாக ஒன்று தெரிந்தபோது தனியாக நின்று அழுதிருக்கிறேன், அவ்வளவு சந்தோஷம். அப்படிச் செய்த 23 சேர்மங்கள், சோதிக்க ஆளில்லாமல் இரண்டு வருடம் ஃப்ரீசரில் கிடந்தன. குப்பிகளில் நான் எழுதிய எண்கள் பனியில் அழிந்தே போயின. உயிரியல் குழுவோடு ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்கிற ஆய்வகமாகப் பார். கைடு சொல்வதோடு நிற்காமல் அங்கே நான்காவது வருடம் படிப்பவர்களிடமும் தனியாகக் கேள்.

பி.எட். அப்புறமும் படிக்கலாம். நெட்டுக்கு விண்ணப்பித்ததும் எழுது. கரிம வேதியியல் பழைய வினாத்தாள்கள் வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.