பூ காஞ்சுடுச்சு, நான்தான் கொன்னுட்டேனா? புரோமீலியாட் கேள்விகள்

இந்த தடவ வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே செடிய பத்திதான். இலையெல்லாம் சுத்தி அடுக்கி புனல் மாதிரி இருக்கும், நடுவுல செவப்பாவோ ஆரஞ்சாவோ ஒண்ணு ஜம்முன்னு நிக்கும், நர்சரில பேர் கேட்டா பாதி பேரு "இம்போர்ட்டட் செடி சார்"னு முடிச்சிடுவாங்க. அதான் புரோமீலியாட். சொந்த ஊரு தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கம். ஆனா ஒண்ணுமே தெரியாத செடின்னு பயப்படாதீங்க, நம்ம அன்னாசிப்பழமும் இதே குடும்பம்தான்.

கிரகப்பிரவேசத்துக்கு கிஃப்ட்டா வந்த செடி. நாலு மாசம் பூ அப்படியே இருந்துச்சு, இப்போ பழுப்பாகி காயுது. மாமியார் நான்தான் கொன்னுட்டேன்னு சொல்றாங்க. தண்ணி கூடிப்போச்சா? (வேளச்சேரி)

நீங்க கொல்லல, மாமியார்கிட்ட இத காட்டுங்க. வாழை மரம் குலை தள்ளுனப்புறம் என்ன ஆகும்? ஒரு தடவ தான் தள்ளும், அப்புறம் தாய் மரம் போயிடும், பக்கத்துல கன்னு நிக்கும். இதுவும் அதே கணக்குதான். ஒரு செடி வாழ்நாள்ல ஒரே ஒரு தடவ பூக்கும், அதுக்கப்புறம் என்ன உரம் போட்டாலும் எந்த சாமிய கும்பிட்டாலும் அதே செடி திரும்ப பூக்காது. கடையில இத யாரும் சொல்லி விக்கிறதில்ல, அதான் வருத்தம்.

இன்னொண்ணு, நீங்க பூன்னு நெனச்சு நாலு மாசம் ரசிச்சது பூவே இல்ல, கலர் மாறுன இலை. நம்ம காகிதப்பூ செடி மாதிரி. நிஜ பூ அதுக்குள்ள குட்டியா மஞ்சளாவோ வெள்ளையாவோ எட்டி பாத்துட்டு சீக்கிரமே வாடிடும், பல பேர் அத பாத்திருக்கவே மாட்டாங்க.

இப்போ செய்ய வேண்டியது என்னன்னா, காஞ்ச தண்ட மட்டும் கீழ வரைக்கும் வெட்டிடுங்க, செடிய தூக்கி போட்டுடாதீங்க. தாய் செடி உடனே சாகாது, இன்னும் பல மாசம், சிலது ஒரு வருஷத்துக்கு மேலயும் பச்சையா நிக்கும், அந்த நேரத்துல தான் அடியில கன்னு விடும். கன்னு தாயோட உயரத்துல மூணுல ஒரு பங்காவது வரட்டும், பாதி வந்தா இன்னும் நல்லது. அவசரப்பட்டு விரல் அளவுல பிரிச்சா பொழைக்காது. சுத்தமான கத்தியால கொஞ்சம் வேரோட வெட்டி, வெட்டுன இடம் ஒரு நாள் காயட்டும், அப்புறம் சின்ன தொட்டியில வைங்க. அது பூக்க ஒரு வருஷமும் ஆகலாம், மூணு வருஷமும் ஆகலாம்.

இலைக்கு நடுவுல தண்ணி நிக்குதே, கொசு முட்டை போடாதா? கொசு ஒழிப்புக்கு வந்தவங்க கவுத்து ஊத்த சொல்லிட்டு போனாங்க. (பெரம்பூர்)

அவங்க சொன்னது ரொம்ப சரி. டெங்கு கொசுவுக்கு ஒரு மூடி தண்ணி போதும், இந்த செடியோட கிண்ணத்துல, அதாவது இலைக்கு நடுவுல தண்ணி நிக்கிற குழியில, முட்டை போடுறது எல்லா ஊர்லயும் தெரிஞ்ச விஷயம். "கிண்ணம் எப்பவும் நிறைஞ்சே இருக்கணும்"னு வீடியோல சொல்றாங்களே, அது காட்டுல மரத்து மேல வளர்ற செடிக்கு, நம்ம ஃப்ளாட்டுக்கு இல்ல. முட்டையிலேர்ந்து கொசு பறக்க நம்ம சூட்டுல ஒரு வாரம் பத்து நாள் தான், அதனால நாலு நாளைக்கு ஒரு தடவ செடிய சிங்க்ல சாய்ச்சு பழைய தண்ணிய மொத்தமா கொட்டிட்டு, புதுசா அரை இன்ச் ஊத்துங்க. மழை சீசன்ல, அதாவது அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும், பால்கனியில மழை படுற இடத்துல வைக்கவே வைக்காதீங்க, தானா ரொம்பிடும். மண்ணெண்ணெய், ஃபினாயில், நல்லெண்ணெய் இதெல்லாம் உள்ள ஊத்தாதீங்க. இந்த செடி இலை வழியாவே தண்ணி குடிக்கும், எண்ணெய் அத அடைச்சிடும்.

எங்க ஏரியா போர் தண்ணி உப்பு. இலை நுனி பழுப்பாகுது. ஆர்.ஓ. தண்ணி ஊத்தலாமா? (மேடவாக்கம்)

ஊத்தலாம், ஆனா குடிக்கிற குழாயில வர்ற தண்ணி. ஆர்.ஓ. மெஷின் வெளிய தள்ளுற வேஸ்ட் தண்ணிய ஊத்தாதீங்க, உப்பெல்லாம் அதுல தான் சேர்ந்து வருது. எல்லாத்தையும் விட பெஸ்ட் மழைத்தண்ணி. ஐப்பசி மழையில நாலு கேன் புடிச்சு கொசு புகாம இறுக்கி மூடி வைங்க, ஒண்ணு ரெண்டு செடிக்கு அது பல மாசம் வரும். ஏசி தண்ணி பத்தி நெறைய பேர் கேக்கறீங்க. அதுல உப்பு கிட்டத்தட்ட இல்ல, அது நல்லது, ஆனா ஏசி காயில் பெரும்பாலும் செம்பு, இந்த செடிக்கு செம்பு ஆகவே ஆகாது, அதனால நான் கிண்ணத்துல ஊத்தாம தொட்டிக்கு மட்டும்தான் விடுவேன். செப்பு குடத்து தண்ணியும் மனுஷங்களுக்கே இருக்கட்டும். நுனி கருகுறதுக்கு ஏசி காத்து நேரா படுறதும் காரணமா இருக்கலாம், இடத்த மாத்தி பாருங்க.

இலை மேல வெள்ளையா பவுடர் மாதிரி கோடு கோடா இருக்கு. மாவுப்பூச்சின்னு நெனச்சு துணியால துடைச்சேன், போயிடுச்சு, இப்போ செடி அசிங்கமா இருக்கு. (அண்ணா நகர்)

அய்யோ. உங்க செடி ஏக்மியாங்கற புரோமீலியாட் வகை, பிங்க் கலர்ல முள்ளு முள்ளா பூக்குறது. அந்த வெள்ளி பவுடர் பூச்சியில்ல, அதோட சொந்த தோல். ஈரத்த உறிஞ்சுற பொடிப்பொடி செதில், துடைச்சா அந்த இலையில திரும்ப வராது. விடுங்க, புது இலை நல்லா வரும். நிஜ மாவுப்பூச்சி பஞ்சு மாதிரி திட்டு திட்டா, இலை இடுக்குல இருக்கும், தொட்டா பிசுபிசுக்கும். அதுக்கு பட்ஸ்ல கொஞ்சம் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு பூச்சிய மட்டும் எடுத்தா போதும்.

பூனை இலைய கடிக்குது, விஷமா? (திருவான்மியூர்)

விஷமில்ல. பூனைய விட செடிக்கு தான் ஆபத்து. ஏக்மியா மாதிரி முள் ஓரம் உள்ளத மட்டும் எட்டாம வைங்க.

ரெண்டு வருஷமா கன்னு நல்லா வளந்திருக்கு, பூ மட்டும் வரல. ஆப்பிள் வச்சா பூக்கும்ங்கறாங்க, உண்மையா? (குரோம்பேட்டை)

கேக்க காமெடியா இருக்கும், உண்மைதான். பழுத்த ஆப்பிள்லேர்ந்து எத்திலீன்னு ஒரு வாயு வரும், அதுதான் இந்த குடும்பத்துக்கு பூக்குற சிக்னல். கேரளாவுல வாழக்குளம் பக்கம் அன்னாசி தோட்டத்துல எத்திஃபான் மருந்து ஊத்தி மொத்த வயலையும் ஒரே நேரத்துல பூக்க வைக்கிறதும் இதே வேலைதான். வீட்டுல செய்ய, கிண்ணத்து தண்ணிய முழுசா கொட்டிட்டு, பெரிய பிளாஸ்டிக் கவருக்குள்ள செடியையும் நல்லா பழுத்த ஒரு ஆப்பிளையும் வச்சு கட்டி, வெயில் படாத வெளிச்சத்துல ஒரு வாரம் பத்து நாள் விடுங்க. வெயில்ல வச்சா செடி உள்ள வெந்துடும். அப்புறம் கவர எடுத்துட்டு வழக்கம் போல பாத்துக்கோங்க, ரெண்டு மூணு மாசத்துல நடுவுல கலர் எட்டி பாக்கும்.

ஆனா முழுசா வளந்த செடிக்கு தான் இந்த வித்தை. அதுக்கு முன்னாடி வெளிச்சம் போதுமான்னு பாருங்க. ஹால் மூலையில டிவிக்கு பின்னாடி வச்சிட்டு பூக்கலன்னா ஆப்பிள் என்ன பண்ணும். கிழக்கு ஜன்னல் ஓரம் நல்ல இடம்.

மொட்டை மாடியில செம்மண்ணுல வைக்கலாமா? (அம்பத்தூர்)

செம்மண் வேண்டாம், தண்ணி புடிச்சு அடி அழுகிடும். தேங்கா நார் துண்டு, கரித்துண்டு, கொஞ்சம் பெர்லைட் (நர்சரில கிடைக்கிற லேசான வெள்ளை கல்லு துகள்), அவ்ளோதான். நடு இலைய லேசா இழுத்து பாத்தா கையோட வந்துடுச்சு, நாத்தம் அடிக்குதுன்னா அழுகிப்போச்சுன்னு அர்த்தம், கன்னு இருந்தா மட்டும் காப்பாத்துங்க. மாடின்னா நிழல் வலைக்கு கீழ நியோரெஜிலியாங்கற வகைய வைங்க, அது வெளிச்சத்துல தான் செவக்கும். குஸ்மேனியாங்கற இன்னொரு வகைய கத்திரி வெயில்ல விட்டா ஒரே நாள்ல இலை வெளுத்துடும்.

மழைக்கப்புறம் பூஞ்சைன்னு காப்பர் ஆக்சிகுளோரைடு அடிச்சிடாதீங்க, அதுவும் செம்பு மருந்து தான். தக்காளிக்கு கலக்குனது மிச்சம் இருக்கேன்னு நான் ஒரு தடவ பக்கத்துல இருந்த நியோரெஜிலியாவுக்கும் சேத்து அடிச்சேன், அஞ்சு வருஷ செடி, மூணு கன்னோட மொத்தமா போச்சு. தக்காளி நல்லா காய்ச்சுது.