டீக்கடையில் பிடித்த அந்த ஒன்று

நண்பரே, 40 நாள் சிகரெட்டை விட்டிருந்து, நேற்று டீக்கடையில் நண்பர் நீட்டிய ஒன்றைப் பிடித்துவிட்டேன், எல்லாம் போச்சு என்கிறீர்கள். போகவில்லை. அந்த 40 நாளும் உங்களுடையதுதான். ஆபத்து அடுத்த சிகரெட்டில் இருக்கிறது; "இன்றைக்கு மட்டும்" என்று சொல்லித்தான் நான் இருமுறை பழைய கணக்குக்கே திரும்பினேன். மூன்றாம் முறை முதலில் மாற்றியது டீக்கடையை. ஒரு மாதம் அலுவலகத்திலேயே டீ, அதுவும் சிகரெட் பிடிக்காத ஒருவருடன். ஆசை எழுந்தால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை தண்ணீர், கிராம்பு, கொஞ்சம் நடை. சிகரெட் ஆசையை அடக்க நிக்கோட்டின் சூயிங்கம் மென்றால், அதை இடைவிடாமல் மெல்லாதீர்கள். காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கி வையுங்கள். அப்புறம், சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356, சிகரெட்டை விட உதவும் இலவச எண், தமிழிலும் பேசலாம். அந்த நண்பரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், இனி எனக்கு நீட்டாதே என்று.