அறிக்கை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

கேள்வி: என் கணவர் கம்பெனி வேலையாக வெளிநாடு போனார். சென்னையிலேயே போகவர டிக்கெட் எடுத்திருந்தார். போகும்போதே, இறங்க வேண்டிய நேரத்தில் விமானம் மலையில் மோதி இறந்துவிட்டார். 14 மாதம் ஆகிறது. ‘பைலட் தவறு போலிருக்கிறது, இறுதி அறிக்கை வரட்டும்’ என்கிறார்கள். இதற்கிடையில் இன்சூரன்ஸ் தரப்பு ஆள் ஒரு தொகையைச் சொல்லி, பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறார். போடலாமா? (வாசகி, கரூர்)

பதில்: போடாதீர்கள், சகோதரி. முதலில் அதன் நகலை வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இந்த மாதிரிப் பத்திரங்களில் விமான நிறுவனத்தோடு, விமானத்தையும் கருவிகளையும் தயாரித்தவர்கள் மீதும் இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று ஒரு வரி இருக்கக்கூடும். அந்த வரியைத்தான் தேட வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். 1995 டிசம்பர் 20, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கொலம்பியாவின் காலி நகரில் இறங்கப் போனது. விமானிகள் கம்ப்யூட்டரில் ‘ஆர்’ என்ற எழுத்தைத் தட்டினார்கள். கையிலிருந்த வரைபடத்தில் அது ரோஸோ என்ற வழிகாட்டி நிலையம். கம்ப்யூட்டருக்கோ அது தலைநகர் பொகோட்டா பக்கத்தில் இருக்கும் ரோமியோ என்ற வேறொரு நிலையம். விமானம் மலைப்பக்கம் திரும்பியது. 163 பேரில் 159 பேர் போய்விட்டார்கள். விமானிகள் மேல் தவறு இல்லாமல் இல்லை. ஆனால் 2000இல் மயாமி ஜூரி பொறுப்பைப் பிரித்தபோது விமான நிறுவனத்துக்கு 75 சதவீதம், வழித்தடத் தகவல் தந்த ஜெப்பெசனுக்கு 17, கம்ப்யூட்டர் செய்த ஹனிவெல்லுக்கு 8 என்று தீர்ப்புச் சொன்னது. உங்கள் வழக்கிலும் அப்படி யாராவது இருக்கலாம். இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

சரி, பைலட் தவறு என்றே வைத்துக்கொள்வோம். அது உங்களுக்கு எதிரானது அல்ல. பைலட் அந்த நிறுவனத்தின் ஊழியர்; அவர் தவறு நிறுவனத்தின் தவறு. வெளிநாட்டு விமானப் பயணங்களில் இழப்பீட்டை முறைப்படுத்தும், இந்தியாவும் சேர்ந்திருக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, ஒரு வரம்பு வரை நிறுவனம் ‘எங்கள் மேல் தவறில்லை’ என்றே வாதாட முடியாது. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு 1,51,880 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு); ஒன்றே முக்கால் கோடி ரூபாய்க்கு மேல். இது அப்படியே கைக்கு வரும் தொகை அல்ல, இழப்பைக் காட்டித்தான் வாங்க வேண்டும். அதற்கு மேலும் கேட்கலாம். அப்போது தவறில்லை என்று நிரூபிப்பது அவர்கள் பாடு.

எனக்குக் கவலை தருவது நாள் கணக்குதான். விமானம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்கு தாக்கலாகிவிட வேண்டும். நோட்டீஸ் அனுப்பினால் போதாது. அறிக்கை வரவில்லை என்பதற்காகக் கெடு நீளாது. உங்களிடம் இருப்பது பத்தே மாதம்.

போகவர டிக்கெட் என்பதால் சட்டப்படி பயணம் முடியும் இடம் சென்னை. அதனால் இங்கேயே வழக்குப் போடலாம். அந்த டிக்கெட் வந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, வருமானவரிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். அப்புறம், மாமியார் இருந்தால் அவரையும் கலந்து பேசிவிடுங்கள். ஒரு பயணியின் இறப்புக்கு இந்தியாவில் ஒரே ஒரு வழக்குதான் போட முடியும். அதில் நீங்கள், பிள்ளைகள், மாமியார் எல்லோருடைய பங்கும் அடங்க வேண்டும்.