கரண்ட் போனா பழைய ஃபோல்டர் ஏன் காணாம போகுது?

கிருஷ்ணகிரில மாங்கூழ் கம்பெனி ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார்: உபுண்டு சர்வர், ஈஎக்ஸ்டி4 (லினக்ஸ் ஃபைல்கள டிஸ்க்ல அடுக்கி வைக்கிற ஒரு முறை) டிஸ்க், சீசன் நேரத்துல கரண்ட் போய் மெஷின் ஆஃப் ஆயிடுச்சு, ஆன் பண்ணப்போ எஃப்எஸ்சிகே (டிஸ்க்ல ஃபைல் அமைப்ப சோதிச்சு சரி பண்ற புரோகிராம்) ஓடி என்னென்னமோ சரி பண்ணுச்சு, இப்போ 2021, 2022 பில் ஸ்கேன் ஃபோல்டர் ரெண்டும் காணோம், கரண்ட்தான் காரணமா?

சார், மொதல்ல அந்த டிஸ்க்ல எதையும் எழுதாதீங்க, எஃப்எஸ்சிகே இன்னொரு தடவ வேண்டவே வேண்டாம். டிஎஃப் கமாண்ட் (டிஸ்க்ல எவ்வளவு இடம் நிரம்பியிருக்குனு காட்டும்) போட்டு பாருங்க, யூஸ்டு அளவு முன்ன இருந்த மாதிரியே இருந்தா டேட்டா பெரும்பாலும் உள்ளயேதான் இருக்கு, பேரு மட்டும்தான் போயிருக்கு.

ஏன்னா ஈஎக்ஸ்டி4ல ஒரு ஃபோல்டரோட பேரு அதுக்குள்ள இருக்காது, அதுக்கு மேல இருக்குற ஃபோல்டரோட பிளாக்லதான் எழுதியிருக்கும், அந்த பிளாக் கெட்டுப்போனா கீழ உள்ளதெல்லாம் அனாதையா நிக்கும், எஃப்எஸ்சிகே அத தூக்கி லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட் (lost+found)ங்கிற ஃபோல்டர்ல போட்டு ஹேஷ் குறியோட ஐநோடு நம்பரையே (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் சிஸ்டம் உள்ளுக்குள்ள வச்சிருக்குற நம்பர்) பேரா வச்சிடும். சூடோ (அட்மின் அனுமதி தர்ற கமாண்ட்) போட்டு உள்ள போங்க, சாதா யூசருக்கு அது திறக்காது, அதோட விட்டுட்டு டேட்டா போச்சுன்னு புலம்புறவங்கதான் ஜாஸ்தி. நம்பர் பேர்ல இருக்குற ஃபோல்டர திறந்தா உள்ள ஸ்கேன் ஃபைல் பேரெல்லாம் அப்படியே இருக்கும். தனியா கிடக்குற ஃபைலுக்குதான் பேரு போயிருக்கும், அது பிடிஎஃப்பா ஜேபெக்கானு ஃபைல் கமாண்ட் சொல்லிடும்.

இப்போ காரணத்துக்கு வருவோம். ஃபோல்டர் அமைப்ப காப்பாத்தத்தான் ஜர்னல்னு ஒண்ணு (பண்ணப்போற மாற்றத்த முன்னாடியே குறிச்சு வைக்கிற பதிவு) இருக்கு, வருஷக்கணக்கா யாரும் தொடாத ஃபோல்டர் வெறும் கரண்ட் கட்ல போகக்கூடாது, அதனால எனக்கு டிஸ்க் மேலதான் சந்தேகம். ஜர்னல்சிடிஎல் கமாண்ட்ல (இது அந்த ஜர்னல் இல்ல, சிஸ்டம் லாக் பாக்குறது) போன பூட்டோட, அதாவது இதுக்கு முந்தின தடவ மெஷின் ஓடினப்போ பதிவான, கர்னல் லாக் எடுத்து ஐஓ எரர் (டிஸ்க்ல படிக்க, எழுத முடியாத பிழை) இருக்கானு தேடுங்க. ஸ்மார்ட் ரிப்போர்ட்ல (டிஸ்க் தன் நிலைய தானே சொல்ற அறிக்கை) 5 (கெட்டுப்போனதால மாத்தி வச்ச செக்டர்), 197 (படிக்க முடியாம நிக்குற செக்டர்) ரெண்டுல எதுக்காவது ரா வேல்யூ ஜீரோவா இல்லன்னா பேட் செக்டர் வந்தாச்சு, 199 (கேபிள் வழியா டேட்டா போறப்போ வர்ற பிழை) ஏறிகிட்டே போனா டிஸ்க்க விட்டுட்டு சாட்டா கேபிள மாத்துங்க. இது மூணும் சுத்தமா இருந்து, கரண்ட் போற நேரத்துல அதே மேல் ஃபோல்டர்ல இந்த சீசனுக்கு புது ஃபோல்டர் போட்டுகிட்டு இருந்தீங்கன்னா அப்போ டிஸ்க்கோட ரைட் கேஷ (எழுத வேண்டியத கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கிற டிஸ்க்கோட தற்காலிக மெமரி) சந்தேகப்படலாம், பழைய பேரும் புது பேரும் ஒரே பிளாக்ல இருக்கும்ல.

197ல நம்பர் இருந்தா உள்ள நோண்டிகிட்டு இருக்காதீங்க, டிடிரெஸ்க்யூ (கெட்ட டிஸ்க்ல இருந்து முடிஞ்சத எல்லாம் காப்பி எடுக்குற புரோகிராம்) வச்சி முழுசா வேற டிஸ்க்குக்கு காப்பி எடுத்துட்டு, தேடுறது பேரு மாத்துறது எல்லாத்தையும் அந்த காப்பில பண்ணுங்க.