மணியாச்சியில் இறங்கி ஏறணும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஓர் அட்டை டிக்கெட் கிடைத்தது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணியாச்சிக்கு, மூன்றாம் வகுப்பு. தேதி அழிந்துபோயிருக்கிறது. ரயில் திருநெல்வேலி ஊருக்குள் வந்தால் நெல்லையப்பருக்குத் தீட்டு என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் மறித்துவிட்டார்களாம். அதனால்தான் மெயின் லைன் தூத்துக்குடிக்குப் போய், நமக்குக் கிளை மட்டும் மிஞ்சியது, ஸ்டேஷனும் ஆற்றுப் பக்கம் ஒதுங்கியது என்று தாத்தா சொல்வார். உண்மைதானா? டிக்கெட்டை லாமினேட் பண்ணி மாட்டலாமென்று இருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

*

தம்பி, பெயரைப் போடவில்லை. கல்லிடைக்காரர் என்பதை டிக்கெட்டே சொல்லிவிட்டது, அதற்கு நான் பொறுப்பில்லை.

தீட்டுக் கதையை நானும் கேட்டிருக்கிறேன். ஸ்டேஷன் தள்ளியிருக்கிற ஊர்களிலெல்லாம் இப்படி ஒரு கதை உண்டு. ஆனால் தீட்டுக்குப் பயந்த ஊர் என்றால், செங்கோட்டைத் தடம் டவுனை உரசிக்கொண்டு போவதற்கு மட்டும் எப்படிச் சம்மதித்தது?

விஷயம் தீட்டு இல்லை, பருத்தி. 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு வந்த மீட்டர் கேஜ் பாதை, 1876 ஜனவரியில் தூத்துக்குடியைத் தொட்டது. சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர் என்று அது வந்த வழியைப் பாருங்கள். அத்தனையும் கரிசல். பஞ்சு துறைமுகத்துக்குப் போக வேண்டும், இலங்கைக்குக் கப்பல் ஏறுகிறவர்களும் அங்கேதான் போக வேண்டும். நெல் விளைகிற நம் ஆற்றங்கரையால் ரயில் கம்பெனிக்கு அவ்வளவு லாபம் தெரிந்திருக்காது. ஜில்லாவின் தலைநகரம் ஆயிற்றே என்று மணியாச்சியிலிருந்து ஒரு வாலை மட்டும் நீட்டினார்கள். அதுவும் அதே 1876தான். தண்டவாளம் வந்த வருஷமே தாது வருஷப் பஞ்சமும் வந்தது.

ஸ்டேஷன் இருக்கிற இடத்துக்கும் காரணம் இருக்கிறது. கோயிலும் கடைவீதியும் டவுனில். துரைமார், பள்ளிக்கூடங்கள் எல்லாம் அக்கரையில், பாளையங்கோட்டையில். இரண்டையும் சேர்க்கிற சுலோசன முதலியார் பாலம் 1843லேயே வந்தாயிற்று. ஆக, பாலத்துப் பக்கம் ஸ்டேஷன் வைத்தால் இரண்டு ஊருக்கும் ஆயிற்று. அந்த நாளில் ஸ்டேஷன் பெயரே ‘டின்னவேலி பிரிட்ஜ்’தான். இன்று பஸ்ஸும் லாட்ஜும் அல்வாக் கடையுமாக ஜங்ஷன் என்று நாம் சொல்கிற இடம், அந்த ஸ்டேஷனைச் சுற்றி முளைத்தது.

மேற்கே ரயில் வர மேலும் 26 வருஷம் ஆயிற்று. 1902இல் கல்லிடைக்குறிச்சி வரை, மறு வருஷம் செங்கோட்டை வரை, 1904இல் மலையைக் குடைந்து புனலூர், கொல்லம். அதாவது ஓராண்டுக்கு உங்கள் ஊர்தான் கடைசி ஸ்டேஷன். அதைத் தாண்டினால் ஆறு, அக்கரையில் அம்பை. திருச்செந்தூர்ப் பக்கம் 1923இல்தான் போனது.

கிளை என்பதால் நம்மாட்கள் பட்டது கொஞ்சமில்லை. மதுரைக்கோ மதராஸுக்கோ போக வேண்டுமென்றால் மணியாச்சியில் இறங்கி, மூட்டையும் பிள்ளையுமாகக் காத்திருக்க வேண்டும். கலெக்டருக்கும் அதே கதிதான். 1911 ஜூன் 17 அன்று கொடைக்கானலுக்குப் புறப்பட்ட ஆஷ், தூத்துக்குடியிலிருந்து வரும், இலங்கைக் கப்பல் பயணிகளுக்கான போட் மெயில் ரயிலுக்காக மணியாச்சியில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். வாஞ்சிநாதன் ஏறி வந்தது அங்கேதான். மெயின் லைன் திருநெல்வேலி வழியாகவே போயிருந்தால் அந்தக் காத்திருப்பே இருந்திருக்காது. பின்னாளில் ஸ்டேஷன் பெயரிலேயே வாஞ்சி சேர்ந்துகொண்டார்.

எனக்கு மணியாச்சியைவிடச் சேரன்மகாதேவி ஸ்டேஷன்தான் நெருக்கம். பத்தமடைப் பாய்ச் சுருள்கள் பிளாட்பாரத்தில் சாய்த்து வைத்திருக்கும், கோரை வாசனை அடிக்கும். வண்டி அடுத்த ஸ்டேஷனை விட்டதும், தொங்குகிற தண்டவாளத் துண்டில் போர்ட்டர் இரண்டு தட்டுத் தட்டுவார். நிற்காத வண்டியென்றால் ஸ்டேஷன் மாஸ்டர் பிரம்பு வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்பார். அதில் உள்ள பையில்தான் டோக்கன். ஒற்றைத் தடத்தில் டோக்கன் கைக்கு வராமல் எஞ்சின் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது. ஓட்டத்திலேயே எஞ்சின்காரர் கையை வளையத்துக்குள் நுழைத்து வாங்கிக்கொண்டு பழைய வளையத்தைக் கீழே எறிவார். அது பிளாட்பாரத்தில் உருண்டு போகும், நாங்கள் பின்னால் ஓடுவோம். எடுத்துக் கொடுத்தால் திட்டும் விழும், சிரிப்பும் கிடைக்கும்.

சரி, டிக்கெட். மூன்றாம் வகுப்பையே 1974இல் ஒழித்துவிட்டார்கள், ஆகவே உங்கள் டிக்கெட் அதற்கு முந்தையது. கட்டணம் அணாவில் இருந்தால் 1957க்கு முன்னால், நயா பைசா என்றால் அதற்குப் பின்னால். எஸ்.ஐ.ஆர். (சவுத் இண்டியன் ரயில்வே) என்ற எழுத்து எங்காவது இருந்தால் தென்னக ரயில்வே உருவான 1951க்கும் முன்னால் போய்விடலாம். தேதியை மெஷினில் ‘டக்’கென்று அழுத்தித்தான் கொடுப்பார்கள். மை போயிருந்தாலும் அழுத்திய தடம் இருக்கலாம். சாயங்கால வெயிலில் சாய்த்துப் பிடித்து, ஒரு பூதக்கண்ணாடியோடு பாருங்கள்.

லாமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது. ஒரு காகித உறையில் போட்டு, கிடைத்த பெட்டியிலேயே வையுங்கள். அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். அணாவா பைசாவா என்று எனக்கும் தெரிய வேண்டும்.